வலப்பக்கக் காது

இது தொடங்கியது 1997இல், குளிர்காலத்தில். அப்போது நான் பகலில் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்துக்குப் போவேன். மாலையில் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்பரவாக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தங்கள் பெயரை எழுதத் தெரியாது. என் படிப்பில் எனக்குப் பெருமை அதிகம்; இன்றும் அப்படித்தான். எந்தக் கேள்விக்கும் படித்தவர்களிடம் ஒரு பதில் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

என்னோடு வேலை செய்த அன்ரி ஒருவர் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். அவருடைய ஒரே மகன் ஊர்ச் சண்டைக்குத் தப்பி, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கு வெளிக்கிட்டு, ஆபிரிக்காவில் எங்கேயோ மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தான். ஏஜென்சிக்காரன் மனம் வைத்தால்தான் அவனால் தாயோடு ஒரு நிமிடம் பேச முடியும். அந்த அழைப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே அன்ரி ஒரு செல்போன் வாங்கியிருந்தார்.

வக்யூம் கிளீனர் இரைச்சலில் மணி கேட்காது. அதனால் போனைக் காதோடு வைத்து, கம்பளி ஸ்கார்ஃபால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். எப்போதும் வலப்பக்கம்தான். பஸ்ஸுக்கு நடக்கும்போதும் என்னைத் தன் வலப்பக்கமாகவே வரச் சொல்வார். அது ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

"என்ன அன்ரி, பல்லுக்கொதியோ?" என்று நாங்கள் பகிடி விடுவோம்.

"ஓமடி. மகன் வந்துதான் பல்லுப் பிடுங்கோணும்."

செல்போனால் மூளையில் புற்றுநோய் வருமோ என்று ஒரு பத்திரிகைச் செய்தியை வாசித்துவிட்டு, ஒருநாள் அவரிடம் சொன்னேன். "அது மூளை இருக்கிறவைக்கெல்லோ வரும்" என்று சிரித்துவிட்டு வக்யூமைப் போட்டார்.

வசந்தத்தில் தலையிடி தொடங்கியது. பிறகு இடக்கையிலிருந்து சாமான்கள் நழுவி விழுந்தன. ஸ்கேன் எடுத்ததில் மூளையில் கட்டி. வலப்பக்கம், காதுக்கு மேலே. நல்ல கட்டியில்லை என்றார்கள்.

மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். "உந்தப் போனாலையோ எண்டு கேள் பிள்ளை" என்றார் அன்ரி. போனால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, போனால் வரவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், தனக்குத் தெரியாது என்றார் டாக்டர். அவ்வளவு படித்த ஒருவர் சொன்ன "தெரியாது" என்ற சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

வெளியில் வந்ததும் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வந்தால் சனம் போன் கட்டின கதையைச் சொல்லும். தன்ரை போனுக்குக் காத்திருந்துதான் அம்மாவுக்கு உது வந்தது எண்டு நினைச்சு நினைச்சே சாவான். நான் இடக்காதிலைதான் போனைக் கட்டினனான் எண்டு சொல்லு. நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னா நம்புவான்."

மகன் வந்து சேர்ந்தபோது இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. ஒப்பரேஷன் செய்தும் பயனில்லாமல் அன்ரி ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தார். மழித்த தலையின் வலப்பக்கத்தில் தையல் தழும்பு. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னோடு வெளியே வந்தான்.

"அம்மா போனைக் காதிலை கட்டிக்கொண்டு திரிஞ்சவவாம். உண்மையோ அக்கா?"

"ஓம் தம்பி. ஆனா இடக்காதிலை."

அவன் என்னைக் கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "அம்மாவுக்கு இடக்காது கேக்காது அக்கா. ஊரிலை சண்டைக்கை பக்கத்திலை ஷெல் விழுந்த நாளிலையிருந்து. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சவ. நானும் தெரிஞ்ச மாதிரிக் காட்டேல்லை. வலப்பக்கத்திலை நிண்டுதான் கதைக்கிறனான்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"போனாலை எண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாதாம். தனக்குத் தெரியாது எண்டவர்."

"உண்மையா?"

"உண்மையாத் தம்பி."

அவன் உள்ளே போனான். கட்டிலின் இடப்பக்கம் கிடந்த கதிரையைத் தூக்கி வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். தழும்புக்குக் கீழே, தாயின் காதோடு குனிந்து பேசத் தொடங்கினான். பேசிக்கொண்டே இருந்தான்.

பனி கொட்டத் தொடங்குவதற்கு முன்பே அன்ரி போய்விட்டார். இப்போதும் பத்திரிகையில் செல்போன், மூளைப் புற்றுநோய் என்று கண்டால் கடைசி வரிவரை வாசிக்கிறேன். அவனிடம் கொண்டுபோய்ச் சொல்ல, "தெரியாது" என்பதைவிட ஆறுதலான ஓர் உண்மை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.