மணப்பெண்ணோடு வந்த நாய்

1. ‘ஒரு வழி பண்ணிருங்க’

நாயைக் கொன்றுவிடச் சொல்லி வருகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டிகளிலும் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ‘பாத்துச் செய்ங்க டாக்டரம்மா’ என்பார்கள். ‘ஒரு வழி பண்ணிருங்க’ என்பார்கள். நானும் லேசில் விட மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லச் சொல்வேன். சொல்ல வேண்டி வந்ததும் பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு நாயோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மாட்டாஸ்பத்திரிக்கு வந்த அண்ணாச்சி அப்படிப் போகவில்லை. அவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் முதலாளி. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வீட்டில் இரண்டு கறவை மாடு வைத்திருந்தார், அவற்றுக்குக் கோமாரி ஊசி போட வேண்டிய காலத்தை ஒருபோதும் தவறவிடாதவர். மாட்டுக்காக வந்தால் கலகலவென்று பேசுவார். அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். போன ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நாகலாபுரத்துப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். நகை, பாத்திரம், கட்டிலோடு கூடையில் கன்னி இனத்து நாய்க்குட்டி ஒன்றும் பெண்ணோடு வந்தது. சில குடும்பங்களில் இன்றும் அது ஒரு வழக்கம். பெண்ணுக்குச் சீதனமாக நாய்க்குட்டி கொடுப்பார்கள். புது இடத்தில் அவளுக்கென்று ஒரு துணை. அந்தக் குட்டி வளர்ந்து, முந்தின நாள் சாயங்காலம், வேலை முடிந்து சைக்கிளில் போன மாரியம்மா என்ற தொழிலாளியைத் துரத்திவிட்டது. அவள் விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவை அண்ணாச்சியே பார்த்துக்கொண்டார். ஆனாலும் அவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்று கை, நாளைக்கு ஒரு பிள்ளையின் கழுத்தாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. நாயைப் பெண் வீட்டுக்கே அனுப்பிவிடலாமே என்றேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அது எப்படி டாக்டரம்மா முடியும்? பொண்ணோட வந்தது திரும்பிப் போனா, பொண்ணையே திருப்பி விட்டதாத்தான ஊரு பேசும். சம்பந்தி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? நோய் வந்து செத்துப் போச்சுன்னு சொல்லிக்கிடுதோம். நீங்க ஒரு ஊசி மட்டும் போட்டுருங்க."

எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. திருப்பி அனுப்பினால் மரியாதைக் குறைவு, கொன்றால் மரியாதை நிற்கும் என்று ஒரு மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பொய்க்கு நான் சாட்சி வேறு. ஆனால் திட்டினால் வேறு யாரிடமாவது போய்விடுவார். அதனால் என் தொழில் எனக்குக் கொடுத்திருக்கும் ஒரே பிடியைப் பிடித்தேன். அந்தம்மா மேல் பல்லோ நகமோ பட்டதா என்று கேட்டேன். கெண்டைக்காலில் கீறல் இருக்கிறது என்றார். கீறல் இருந்தால் நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், இப்போது கொன்று புதைத்துவிட்டால் அதற்கு வெறிநோய் இருந்ததா இல்லையா என்று தெரியாமலே போய்விடும், மாரியம்மா உயிரோடு விளையாடக் கூடாது என்றேன். அவளுக்குத் தடுப்பூசியை உடனே தொடங்கச் சொன்னேன்.

நான் சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. பத்து நாள் கிடைத்ததே என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை மட்டும் சொல்லவில்லை.

2. வாசலைப் பார்த்த சங்கிலி

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன். வீடும் ஆபீஸும் ஒரே காம்பவுண்டு. கேட்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் வேப்பமரம். அதில் ஒரு முழச் சங்கிலியில் நாய் கட்டிக் கிடந்தது. பெயர் சிட்டு. பெட்டை. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நெட்டைக் கால்கள். பார்க்க அழகான நாய். நான் கிட்டே போனதும் வாலை இடுக்கிக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றுவிட்டது. இதையா கொல்லச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஆகிவிட்டது.

கன்னி எங்கள் கரிசல் மண்ணின் வேட்டை நாய். மூக்கை விடக் கண்ணை நம்பும் இனம். வெட்டவெளியில் ஓடுகிற முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து உருவாக்கியது. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை நாயின் கால்களுக்கு யார் சொல்வது? நிற்கிற பொருளை அது ஏறெடுத்தும் பார்க்காது. ஓடுகிற பொருளைக் கண்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்ட நாயை, காலையில் ஒரு கூட்டம் சைக்கிள் உள்ளே வந்து சாயங்காலம் ஒரு கூட்டம் சைக்கிள் வெளியே போகிற வாசலுக்கு நேர் எதிரே கட்டிப் போட்டிருந்தார்கள். பத்து மாதமாக அது வேறு எதையும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சங்கிலிக் கொக்கி நழுவிவிட்டது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கு நம் ஆட்கள் மேல் பொதுவாகவே ஒரு ஆத்திரம் உண்டு. ஒருத்தர் பனிப் பிரதேசத்து நாயை வாங்கி வந்து மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு வளர்த்தார். சித்திரை மாதத்தில் ‘கொஞ்ச நாளாச் சோர்வாவே இருக்கு’ என்று கொண்டுவந்தார். நீங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மத்தியானம் அந்த மாடியில் போய் உட்காருங்கள், நாய் ஏன் சோர்வாக இருக்கிறது என்று நான் சொல்லாமலே தெரியும் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த வாரமே நாயைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சிட்டுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டேன். வாட்ச்மேன். குளிப்பாட்டுவது? வாட்ச்மேன். ஓட விடுவது? யாருமில்லை. வெறிநோய்த் தடுப்பூசி? போடவே இல்லை. மாட்டுக்கு நாள் தவறாத வீட்டில் நாய்க்கு ஊசி போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருடைய நாய் என்று கேட்டேன். மருமகளுடையது என்றார்கள்.

அந்தப் பெண் கோமதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அழவில்லை. மாமனார் ஃபோனில் பேச அந்தப் பக்கம் போனதும் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஊசி போட்டா அதுக்கு வலிக்குமா டாக்டரம்மா?"

போடாதீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. இப்போது ஊசி எதுவும் கிடையாது என்றேன். அதன் பிறகுதான் அவள் பேசினாள். ஊரில் அவள் வீட்டுக் கன்னியை அவளேதான் காட்டில் ஓட விட்டுக் கூப்பிடுவாளாம். இங்கே வந்த புதிதில் ஒருநாள் சிட்டுவைத் தெருவுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். புது மருமகள் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

"அவிய சொன்னதும் தப்பில்ல, புது எடம்லா. நான் வீட்டுக்குள்ள வந்துட்டேன், அது மரத்தடிக்குப் போயிட்டு" என்றாள்.

3. விழுந்தவள் சொன்னது

மாரியம்மாவையும் போய்ப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். தீக்குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை. கை இல்லாவிட்டால் வேலை இல்லை. அவள் அந்த நாயைச் சபித்திருந்தாலும் நான் தப்புச் சொல்லியிருக்க மாட்டேன். நடந்ததை அப்படியே சொல்லச் சொன்னேன்.

"பின்னால வருதுன்னு தெரிஞ்சதும் நான் வேகமா மிதிச்சேன். அதுவும் வேகமா வந்துட்டு. நான் விழுந்தேம் பாருங்க, அது அப்படியே நின்னுட்டு. கடிக்கவும் இல்ல, குலைக்கவும் இல்ல. என்னையவே பாத்துக்கிட்டு நின்னுது, ‘ஏன் நின்னுட்ட’ங்கிற மாரி."

எனக்கு வேண்டியது அதுதான். கடிக்க வந்த நாய் விழுந்தவளை விட்டிருக்காது. இது ஓட்டத்தைத் துரத்தியது. ஓட்டம் நின்றதும் இதன் வேலையும் முடிந்துவிட்டது. கீறல், துரத்தி வந்த வேகத்தில் நகம் பட்டு ஏற்பட்டது. இதனால் நாய் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. மாரியம்மாவின் கை முறிந்தது முறிந்ததுதான். ஆனால் அந்தக் கைக்குப் பதில் சொல்ல வேண்டியது சங்கிலியை அங்கே கட்டியவர்கள். இதை அண்ணாச்சியிடம் இன்னும் கொஞ்சம் பதமாகச் சொன்னேன். குணமாகும் வரை மாரியம்மாவுக்குச் சம்பளம் போக வேண்டும் என்றும் சொன்னேன். அதை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். நல்ல மனிதர்தான். நாய் என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவே.

4. பத்து நாளும் ஆடியும்

கண்காணிப்பு நாட்களில் சில மாற்றங்கள் செய்யச் சொன்னேன். நாயைப் பின்கட்டுக்கு மாற்ற வேண்டும், கேட் அதன் கண்ணில் படக் கூடாது. தொழிலாளர்கள் கேட்டைத் தாண்டும் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது விஷயத்தை மாமியாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். சோறு போடுவது, கூப்பிடுவது, நீளக் கயிற்றில் பின்கட்டுக்குள் நடத்துவது எல்லாம் கோமதிதான், வாட்ச்மேன் நாய்ப் பக்கமே போகக் கூடாது. இது மருத்துவ உத்தரவு என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். வீட்டுக்குள்தானே என்று அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

நான் போகும்போதெல்லாம் கோமதி கயிற்றை விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். முதலில் நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து மாதமாகக் கூப்பிடாத குரலை அது ஏன் கேட்க வேண்டும்? கடைசி நாட்களில் ஒரு கூப்பாட்டுக்கு வந்தது. பத்து நாள் முடிந்தது. நாய் நன்றாக இருந்தது. தடுப்பூசி போட்டேன். ஆனால் அண்ணாச்சி மனசு மாறவில்லை. நோய் இல்லை என்பது சரி, இது எங்கள் வீட்டுக்கு ஒத்து வராது என்றார். திரும்பவும் அதே ஊசிப் பேச்சை எடுத்துவிடுவார் என்று தெரிந்தது.

ஆடி பிறக்கச் சில நாட்களே இருந்தன. கோமதிக்குத் தலை ஆடி. பெற்றவர்கள் வந்து மகளை அழைத்துப் போவார்கள். அது எனக்கு அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. பெண் ஆடிக்குப் போகும்போது நாயும் கூடப் போகட்டுமே, அதை யார் திருப்பி அனுப்பியது என்பார்கள் என்று கேட்டேன். அண்ணாச்சியின் தோள் இறங்கியது, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி. நாய் அங்கேயே தங்கிவிடும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. கோமதிக்கும் புரிந்தது. அவள் சரி என்று தலையாட்டியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் அவளுடைய துணையை நாமே பிடுங்கிவிட்டோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

5. பின் சீட்டில்

ஆடி முடிந்து ஒருநாள் காலை மாட்டாஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. அவர் முன்னால் இறங்கினார். பின் கதவைத் திறந்து கோமதி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சிட்டு இறங்கியது. நான் மேஜையை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டேன்.

மருமகளை அழைத்துவர அவரே நாகலாபுரத்துக்குப் போயிருக்கிறார். உழுது போட்ட கரிசல் காடு, மழைக்குக் காத்துக்கொண்டு வெறிச்சென்று கிடந்திருக்கிறது. நாய் அதில் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கமாக ஒரு ஆட்டு மந்தை போயிருக்கிறது. குட்டி ஒன்று துள்ளி ஓட, சிட்டு அதை நோக்கிப் பாய, தனக்கு உயிரே போய்விட்டது என்றார். கோமதி வரப்பில் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாளாம். பாய்ந்த நாய் பாதியில் வளைந்து அவள் காலடிக்கு வந்து நின்றதாம். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது தனக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

"சம்பந்தி, ‘இங்கனயே கெடக்கட்டும், உங்களுக்கு என்னத்துக்குச் செரமம்’னுதான் சொன்னாவ. நான்தான் கேக்கல. பொண்ணோட வந்தது பொண்ணோடதான டாக்டரம்மா வரணும்."

எந்த வழக்கத்தைச் சொல்லி நாயைக் கொல்ல வந்தாரோ, அதே வழக்கத்தைச் சொல்லி அதைத் திரும்பக் கூட்டி வந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கோமதி நாயின் காதை நீவிக்கொண்டே நின்றாள்.

எட்டயபுரம் ரோட்டில் அவருக்குச் சும்மா கிடந்த மனை ஒன்று உண்டு. அதைச் சுற்றிக் கம்பி வேலி போடப் போவதாகச் சொன்னார். தினமும் விடியக்காலம் கோமதி ஸ்கூட்டரில் நாயைக் கூட்டிப் போவாள் என்றார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"அதுக்குத்தான் நானும் கூடப் போறேன்" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாய் துரத்தியது, கடித்தது என்று யாராவது வந்தால் முதலில் காயத்தைக் கவனியுங்கள், தடுப்பூசியில் சமரசம் செய்யாதீர்கள். பிறகு நாய் என்ன இனம் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, அதைத் தினமும் கூப்பிடுகிறவர் யார் என்று கேளுங்கள். யாருமில்லை என்று பதில் வந்தால் ஊசியை எடுக்காதீர்கள், நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். அங்கே கூப்பிடுவதற்கு ஆள் இருக்கும். கூப்பிட விட்டிருக்க மாட்டார்கள்.