பத்தரைக்குள் மயிலாப்பூர்

திங்கட்கிழமை, காலை ஏழு முப்பத்து நான்கு. மதுராந்தகத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் கார் தயாராக நிற்கிறது. சாமான்கள் ஏறியாகிவிட்டன. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் கோமதி, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் குலுங்கக் குளியலறையிலிருந்து வெளியே வருகிறாள். சம்பந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழரை தாண்டிடுச்சே" என்கிறார். அவ்வளவுதான், ஏற்றிய சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். முந்தின நாள்தான் வளைகாப்பு நடந்தது. பிரசவத்துக்கு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக நான் மட்டும் தங்கியிருந்தேன். என் மனைவி சிவகாமி உறவுக்காரர்களோடு முந்தின சாயங்காலமே மயிலாப்பூர் திரும்பிவிட்டாள், வீட்டைக் கழுவி ஆரத்தி கரைத்து வைக்க வேண்டுமே. அவளுக்கு போன் செய்து சொன்னேன்.

"சரி, ஒம்பதுக்குக் கிளம்புங்க. பத்தரைக்கு எமகண்டம். அதுக்குள்ள வீட்டுக்குள்ள கால வச்சிரணும்."

"சிவகாமி, எண்பத்தஞ்சு கிலோமீட்டர். திங்கட்கிழமைக் காலைல தாம்பரம் வழியா வரணும். ஒன்றரை மணி நேரத்துல எப்படி?"

"மத்தியானம் அஷ்டமி பொறக்குது. புள்ளத்தாச்சிய அஷ்டமியில கூட்டிட்டு வருவீங்களா?"

எனக்கு தி.நகரில் பாத்திரக் கடை. குக்கருக்குத் தள்ளுபடி கேட்டு மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறவர்களை முப்பது வருடமாகச் சமாளித்துவருகிறேன். சிவகாமியைச் சமாளிக்க மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஒன்பதாவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே எங்களைக் காரில் உட்கார வைத்துவிட்டார்கள். வாடகைக் காரை ஓட்டிவந்தவர் பெயர் டில்லிபாபு. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படங்களை ஒன்று விடாமல் கும்பிட்டார். பிறகு சீட் பெல்ட்டின் கொக்கியை மட்டும் எடுத்துச் சொருகினார். பெல்ட் கிடையாது, வெறும் கொக்கிதான். பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தாமல் இருக்க அதைத் தனியாக விற்கிறார்களாம். பின் சீட்டில் கோமதிக்கான பெல்ட்டைத் தேடினேன். அது உறைக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடந்தது.

"அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? சாமி கும்டாச்சி, பழம் வெச்சாச்சி. பத்து இருவத்தஞ்சிக்கு அம்மா கையில ஒப்படச்சிடறேன்."

பழங்கள் நசுங்கின. பயணம் ஆரம்பமானது.

நெடுஞ்சாலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் உண்மைதான், அகலமானது, வழுவழுப்பானது. ஏரிக்கரையைத் தாண்டியதும் வண்டி எண்பதைத் தொட்டு 'டிங்' என்றது. நான் முன் சீட்டிலிருந்து டில்லிபாபுவைப் பார்த்தேன். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். நூற்றிருபதைத் தொட்டதும் டிங் டிங் என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. அவர் பாட்டை இன்னும் கூட்டினார். வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு சத்தம், அதை மறைக்க இன்னொரு சத்தம், இரண்டுக்கும் நடுவே கத்த வேண்டியிருந்தது.

"தம்பி, வண்டி கத்துதுப்பா!"

"அது அப்டித்தான் சார் கத்திகினு கெடக்கும். கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி."

"மெதுவாப் போப்பா. புள்ளத்தாச்சி இருக்கா."

"அதனாலதான் சார் ஸ்பீடா போறேன். சீக்கிரம் போய்ட்டா வண்டியில குந்திகினு கஷ்டப்படற நேரம் கம்மி இல்ல?" என்றார். "ஸ்பீடு டேஞ்சர் இல்ல சார். பிரேக் போடறதுதான் டேஞ்சர்."

பதினான்கு வருடமாக ஓட்டுகிறாராம், ஒரு கீறல் கிடையாதாம். காலையில் இடது பக்கக் கதவில் பலாப்பழ அளவுக்கு ஒரு பள்ளத்தைப் பார்த்தேனே என்று கேட்டேன். "அது நின்னுகினு இருந்தப்போ ஆனது சார்" என்றார்.

பாலாற்றுப் பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முன்னால் போகிற வண்டிகளின் பின்பக்கம்தான் நான் கண்ட இயற்கைக் காட்சி. வேகமாகப் போகிறவர்களுக்கான வலது பாதையில் கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போகிறவர்களுக்கான இடது பாதையில் ஆம்னி பஸ் பறந்தது. நடுப் பாதையில் ஒரு டிராக்டர் தன்பாட்டுக்குப் போயிற்று. டில்லிபாபு ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் போய் ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்து அடித்து மிரட்டினார். எங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொருவன் மிரட்டினான். யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. எல்லோரும் எல்லோரையும் திட்டினார்கள்.

இதற்கு நடுவில் சிவகாமி. கிளம்பிய ஐந்தாவது நிமிடம் முதல் போன்.

"எங்க வாறீங்க?"

"இப்பத்தானே கிளம்பினோம்!"

மறுபடி, "செங்கல்பட்டு தாண்டியாச்சா?" மறுபடி, "ஆரத்தி கரைச்சு வச்சிட்டேன், நேரம் போகுது." அவள் குரல் காரின் ஸ்பீக்கரில் ஒலிக்கும். ஒலித்த ஒவ்வொரு தடவையும் டில்லிபாபுவின் வலது கால் கொஞ்சம் கீழே இறங்கும். பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது கிடைத்த அரை நிமிடம்தான் நான் அதுவரை நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம். கோமதி ஒரு கையால் மேலே உள்ள பிடியையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கட்டுச்சாதப் பாத்திரங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

சிங்கப்பெருமாள்கோவில் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரி. அதன் வலதுபுறம் வழியில்லை. டில்லிபாபு இடதுபக்கம் ஒடித்து, ஓரக் கோட்டையும் தாண்டி லாரியை முந்தப் போனார். அதே ஓரத்தில் எதிரே ஒரு பைக். நெடுஞ்சாலையில், வரக்கூடாத திசையில், நேராக எங்களைப் பார்த்து. ஓட்டுகிறவன், பின்னால் புடவை கட்டிய ஒரு பெண், அவள் மடியில் காய்கறிப் பை.

பிரேக் போடுவதுதான் டேஞ்சர் என்று சொன்ன மனிதர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். டயர் கதறியது. நான் "ஐயோ" என்றேனா, "முருகா" என்றேனா, தெரியாது. பின்னால் பாத்திரங்கள் உருண்டன, வளையல்கள் நொறுங்கின. லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசாத குறையாகப் போயிற்று. கார் நின்றபோது பைக்கின் முன்சக்கரத்துக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

பைக் ஓட்டியவன் எங்களைத்தான் திட்டினான். "யோவ், கண்ணு தெரியல? ஃபேமிலியோட வர்றேன்ல?" காய்கறிப் பையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெண்ணும் எங்களை முறைத்தாள். பிறகு அதே திசையில், அதே ஓரத்தில், அடுத்த வண்டியைத் தேடிப் போய்விட்டார்கள்.

நான் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தேன். சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் முட்டி போட்டபடி கோமதி முன் சீட்டைக் கட்டிப் பிடித்திருந்தாள். புடவை முழுக்கத் தயிர்சாதம். மணிக்கட்டில் வளையல் குத்தி ரத்தம். தூக்கி உட்கார வைத்தேன்.

"வயித்துல இடிச்சுதாம்மா?"

"இல்லப்பா."

"குழந்தை அசையுதா?"

அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "இருங்கப்பா" என்றாள். நான் இருந்தேன். லாரிகள் போயின, பஸ்கள் போயின, ஒவ்வொன்றின் காற்றுக்கும் எங்கள் கார் ஆடியது. அறுபத்திரண்டு வயதில் எத்தனையோ காத்திருப்புகளைப் பார்த்துவிட்டேன், இதைப் போல ஒன்றை என் எதிரிக்கும் கொடுக்காதே என்று எல்லாச் சாமியிடமும் சொன்னேன். டில்லிபாபு காருக்கு முன்னால் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

"அசையுதுப்பா," என்றாள் கோமதி. பிறகு, "நல்லா உதைக்குது."

நான் சாலை ஓரத்துப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்ததும் டில்லிபாபுவைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் கடையில் சேர்த்துவைத்திருந்த கோபம் எல்லாம் வந்தது. நீயெல்லாம் மனுசனா, உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்று கத்தினேன்.

"கீது சார். ரெண்டு பொண்ணு," என்றார் அவர். "அம்மாதான் பத்தரைக்குள்ள, பத்தரைக்குள்ளன்னு போன் அடிச்சிகினே இருந்தாங்கோ..."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சிவகாமிதான். நான் எடுப்பதற்குள் கோமதி கையை நீட்டி வாங்கினாள். போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு டில்லிபாபுவிடம் சொன்னாள்.

"அண்ணே, அந்த டிங் சத்தம் ஒரு தடவ கேட்டாலும் நான் இறங்கிருவேன். நடந்தே போவேன். பாட்டையும் நிறுத்துங்க."

"சரிம்மா" என்றார். உறைக்குள் கைவிட்டுக் குடைந்து, பெல்ட்டை அவரே வெளியே இழுத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நாங்கள் எழுபதில் போனோம். நெடுஞ்சாலையில் இடது பாதையில் எழுபதில் போவதைப் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. தண்ணீர் லாரி அடித்தது. கடைசியில் பூமாலை தொங்கும் அமரர் ஊர்தி ஒன்று விளக்கை அடித்து எங்களை ஒதுங்கச் சொல்லி முந்திக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்தவருக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். கோமதி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

வண்டலூர் பக்கம் அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் டிபனுக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். "இருக்கிற கஷ்டம் போதாதாப்பா?" என்று கேட்டுவிட்டுக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை. மணி பத்தரை ஆனபோது பல்லாவரத்தில் ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தோம். எமகண்டம் பிறந்துவிட்டது. எந்த வேகத்தில் வந்திருந்தாலும் இந்த நேரத்துக்கு இங்கே எங்கேயோதான் நின்றிருப்போம். கிண்டி, அடையாறு, பாலம், மந்தைவெளி. ஊருக்குள் வந்ததும் மாடும் சைக்கிளும் முந்திப் போகிற வேகத்தில் ஊர்ந்தோம். எனக்கு அது பரம சுகமாக இருந்தது.

பதினொன்று பத்துக்கு மயிலாப்பூரில் எங்கள் வாசல். ஆரத்தித் தட்டோடு சிவகாமி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"போன ஏன் ஆஃப் பண்ணுனீங்க? எமகண்டம் பொறந்து எவ்வளவு நேரமாச்சு! இறங்காதீங்க. பன்னெண்டு மணி வரைக்கும் கார்லயே இருங்க. இல்ல, கோயிலுக்காவது போய் உக்காந்துட்டு வாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி கதவைத் திறந்து இறங்கினாள்.

"அம்மா, வண்டலூர்லேருந்து அடக்கிட்டு வர்றேன். வழியை விடு."

"ஏட்டி, சொன்னாக் கேளு. நல்ல நேரம்..."

"பத்தரைக்குள்ள வந்திருந்தா மாலை போட்ட போட்டோவாத்தான்மா வந்திருப்பேன்."

சிவகாமிக்கு அப்போதுதான் எல்லாம் கண்ணில் பட்டது. புடவையில் காய்ந்த தயிர்சாதம். வலது கையில் பாதி வளையல் இல்லை. மணிக்கட்டில் என் கைக்குட்டைக் கட்டு. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். தட்டு சாய்ந்து ஆரத்தி அவள் காலில் சிந்தியது. வாசலை விட்டு ஒதுங்கினாள். கோமதி எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

டில்லிபாபு சாமான்களை இறக்கி வைத்தார். "அம்மா, மன்ச்சிக்கோங்க" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் போனார். அதற்கப்புறம் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு அடித்ததும் சிவகாமி என்ன செய்தாள் தெரியுமா? சிந்திய ஆரத்திக்குப் பதிலாகப் புதிதாகக் கரைத்தாள். புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளைக் கைகழுவ வைத்து வாசலுக்குக் கூட்டிப்போய், வெளியே நிறுத்தி, சுற்றிப்போட்டு, வலது காலை எடுத்து வைக்கச் சொல்லி மறுபடி உள்ளே அழைத்தாள். கோமதி மறுக்கவில்லை. "இப்ப திருப்தியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். சிவகாமி அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு ஆரத்தித் தண்ணீரை ஊற்றத் தெருவின் நடுவுக்குப் போனாள். எங்கள் தெரு ஒருவழிப் பாதை. எதிர்த்திசையிலிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டிவந்தவன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒதுங்கச் சொல்லிக் கையை வீசினான். முப்பது வருடத்தில் தெருவில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள் சிவகாமி. தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"அவசரம்மா! தள்ளுங்க!"

"இறங்கித் தள்ளிட்டுப் போப்பா," என்றாள். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவன் மறுபடி ஹாரன் அடித்தான். சிவகாமி நகரவில்லை.