நஸீர் நானாவுக்காக நான் எழுதாத கடிதம்

நஸீர் நானா நேற்று மத்தியானம் மூதூரில் மவுத்தாகிவிட்டார். பின்னேரமே அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

இன்று காலை அவருடைய மகள் பர்வீன் கோல் எடுத்துச் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்... கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. எட்டு மாதமாகத் தள்ளிப் போட்டேன். இனி எங்கே போய்க் கேட்பது?

துறைமுகப் பக்கம் இருக்கும் நாட்டு மரத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பாதை கூட்டுகிறவர். தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துவாய்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து எழும்பிய பிறகு, மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து நடக்கச் சொன்னார்கள். அந்தத் தோட்டத்தின் சின்னச் சுற்றுப்பாதைதான் எங்களுக்குத் தோதாக இருந்தது... பாலை, வீரை, முதிரை என்று இரண்டு பக்கமும் நிழல். நல்ல கால் உள்ளவர்களுக்குக் கால் மணித்தியாலம். எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

முதல் கிழமையிலேயே நஸீர் நானா ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வரத் தொடங்கினார். இவர் எங்கே களைத்தாலும் அங்கே கதிரை.

"அவசரப்பட வேணாம் ஐயா. மரமெல்லாம் நிண்ட இடத்திலதான் நிக்கும், ஓடாது."

இவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

பாலைப்பழக் காலத்தில், கால் வழுக்கக்கூடாது என்று, விழுந்த பழங்களை எங்களுக்கு முன்னால் கூட்டி ஒதுக்குவார். நல்லதாக நாலைப் பொறுக்கி இவர் கையில் வைப்பார். பால் பிசுபிசுத்து உதடு ஒட்ட, இரண்டு பேரும் நின்று தின்பார்கள்.

ஒரு பாலை வேர் மட்டும் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டச் சொன்னேன். "வேரை வெட்டினா மரம் பட்டுப்போயிடும் மிஸ்" என்றார். கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பு பூசி வைத்தார்.

ஒரு மழையில் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. இவர் தடுக்கி விழுந்தார். நெற்றியில் மூன்று தையல்.

அன்று பின்னேரமே தோட்டத்து ஒப்பீஸுக்கு எழுதினேன். பெயர் போடாமல்... ஓம், மொட்டைக் கடிதம். பாதை பார்க்கிறவர் கவனயீனமானவர் என்று. கண்மண் தெரியாத கோபம் எனக்கு.

அடுத்த கிழமை வேர் இல்லை, சீமெந்து போட்டிருந்தார்கள். நஸீர் நானாவும் இல்லை. காஷுவல் ஆள்தானே... வேலையை விட்டு நிற்பாட்ட ஒரு கடிதம் போதும்.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். அவர்தான் முதலில் கேட்டார், "ஐயா இப்ப கதிரை இல்லாம நடக்கிறாரா?"

யாரோ மொட்டைக் கடிதம் போட்டதைச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தா என்னைத் திரும்ப எடுப்பாங்க மிஸ். நான் எப்பிடி வேலை செஞ்சனான் எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம் நானா, எழுதுறன்" என்றேன்.

எழுதவில்லை. ஒப்பீஸில் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். டைப் செய்து குடுத்திருக்கலாம்... அதுவும் எனக்குத் தெரியும்.

காலையில் பர்வீன் சொன்னாள், "மிஸ் கடிதம் குடுத்திட்டாங்க, ஒப்பீஸால கூப்பிடுவாங்க எண்டு வாப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார். போனைத் தலைமாட்டிலதான் வெச்சிருந்தார். நீங்க செஞ்ச உதவிய நாங்க மறக்கமாட்டோம் மிஸ்."

நான் "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னேன்.

பர்வீன், நீ இதை வாசிப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பாவின் வேலையைப் போக்கிய கடிதம் என்னுடையது. வாப்பா கேட்ட மற்றக் கடிதத்தை நான் எழுதவேயில்லை.

நஸீர் நானா, ஒப்பீஸில் ஒருவரும் உங்களைக் கூப்பிட இருக்கவில்லை. போய் வாருங்கள்.