ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து இரண்டு

மேற்குத் தாம்பரத்தில் நானும் என் வகுப்புத் தோழனும் வாடகைக்கு இருந்த அறையில், வெளியே கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்தே ஆகவேண்டும். வீட்டுக்காரம்மாவின் சட்டம் அது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டர் தேதியையும் மணியையும் மறக்காமலிருக்க மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். என் பழைய மெஷினில் அது செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மெயினைத் திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் நின்றுகொண்டு எஃப் ஒன்று என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும். அழுத்தினால், ஊரெல்லாம் 2005 நடந்துகொண்டிருக்க, அதற்கு மட்டும் 2002 ஜனவரி ஒன்று விடியும்.

முதலில் தேதியைத் திருத்திப் பார்த்தேன். தினமும் யார் திருத்துவது? விட்டுவிட்டேன். பெரும்பாலும் அவன்தான் எஃப் ஒன்றை அழுத்துவான். "ஹேப்பி நியூ இயர் மச்சான்" என்று கைகொடுப்பான். நானும் வெட்கமில்லாமல் சிரிப்பேன்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட், மருந்துக்கடைகளுக்கான ஒரு ஸ்டாக் புரோகிராம். முழுதும் அந்த மெஷினில் நான் எழுதியது. சமர்ப்பித்த மறுநாள் ஹெச்.ஓ.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு சிடியிலும் ஒரே புரோகிராம். காப்பி அடித்தவனுக்கு ப்ராஜெக்ட் ரத்து, ஒரு வருஷம் காலி என்றார். விளக்கச் சொன்னார். இருவருமே விளக்கினோம். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன்தானே.

பிறகு ஃபைல்களின் தேதியைப் பார்த்தார். நான் எழுத எழுத அவன் எடுத்துப்போய், கல்லூரி லேபில் ஒவ்வொன்றாகத் திறந்து சேமித்திருக்கிறான். செப்டம்பர், அக்டோபர் என்று ஒழுங்காக வரிசையில் நின்றன. என்னுடையவை அத்தனையும் 2002 ஜனவரி ஒன்று.

"நீ காலேஜ்ல சேர்ந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட்ல. அவனுக்கு முன்னாடி எழுதினதா காட்டணும்னு தேதியை மாத்தினியா? மாத்தினதுதான் மாத்தின, கொஞ்சம் நம்புற மாதிரி மாத்தக் கூடாதா?" என்றார் ஹெச்.ஓ.டி.

நான் பேட்டரி கதையைச் சொன்னேன். இவனைக் கேளுங்கள் சார் என்றேன். அவன் தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாது சார்" என்றான்.

திங்கட்கிழமை மெஷினையே கொண்டுவா, பார்த்துவிடுவோம் என்றார் அவர்.

அறைக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். அழுதான். "பயத்துல பண்ட்டேன் மச்சான். திங்கக்கிழமை நானே சொல்லிடறேன்" என்றான். நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, மெஷினை அவனிடம் விட்டுவிட்டு, சனி ஞாயிறுக்கு எங்கள் வீட்டுக்கும் போனேன். என்னைப்போல ஒரு மடையனை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நான் சிபியூவைத் தூக்கிக்கொண்டேன். மானிட்டரை அவனே தூக்கினான். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

துறை அறையில் ப்ளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரை நிற்கவில்லை. எஃப் ஒன்றைக் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், மூலையில் மணியைக் காட்டியது. ஹெச்.ஓ.டி. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேதியும் சரி, மணியும் சரி. அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டேன். அப்போதும் சரி.

"இன்னும் எத்தனை தடவை போடப்போற?" என்றார்.

அவனைத் திரும்பிப் பார்த்தேன். மானிட்டர் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அறைக்குத் திரும்பி ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு வருஷத் தூசி. நடுவில் பளபளவென்று புது பேட்டரி. இதைத் தேடி எந்தக் கடைக்குப் போனானோ, எந்த நேரத்தில் மாட்டினானோ. "ஏன்டா?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எனக்கு இந்த வருஷமே வேலைக்குப் போகணும்டா. நீ ஒரு வருஷம் சும்மா இர்ந்தாலும் உங்க வூட்ல சோறு போடுவாங்க."

போடத்தான் செய்தார்கள். அந்தச் சோற்றை மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல், என் அம்மா கையால் அவனும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.