அப்பா படிக்காமல் விட்ட வரி

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பதினெட்டு வயது. ரெட்டியார்பாளையத்தை விட்டு அதிகம் நகராத நான், காகிதத்தில் பிரெஞ்சுக்காரன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவருடைய குடியுரிமை எனக்கு வந்தது, மொழி வரவில்லை. என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்ததும் அவரேதான்.

அந்த ஜூனில் கல்லூரியில் வேதியியலுக்கு இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகவிருந்த முதல் ஆள் நான். அதே வாரம் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படித்துத் தமிழில் சொன்னார்.

"ஒரு வருஷம் பட்டாளத்துல சர்வீஸ் பண்ணணுமாம். கட்டாயம். இங்க கையெழுத்து போடு."

"காலேஜ் சீட்டுப்பா?"

"வந்துட்டு படிச்சிக்க. காலேஜ் எங்க ஓடிடப் போவுது?"

அவர் விரல் வைத்த இடத்தில் போட்டேன்.

அக்டோபரில் பிரான்சில் ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். பூட்ஸ் துடைத்தேன், உருளைக்கிழங்கு உரித்தேன். தேசத்துக்குச் சேவை என்றார்கள். எந்தத் தேசத்துக்கு என்று திருப்பிக் கேட்கக்கூட எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஏழெட்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தபோது, எங்கள் ஊர்ப் பக்கம் கருவடிக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒருவன் கேட்டான்.

"சீட்டு கெடச்சும் ஏன்டா இப்ப வந்த? எழுதிக் குடுத்தா படிப்பு முடியற வரைக்கும் தள்ளி வெப்பாங்களே."

அலுவலகத்தில் கெஞ்சி என் கோப்பை வாங்கிப் பார்த்தேன். மாணவர்கள் தள்ளிவைக்கக் கோரலாம் என்று தெளிவாக ஒரு வரி இருந்தது. கோரவில்லை என்ற கட்டத்தில் அப்பாவின் நீல மையில் பெருக்கல் குறி. அதற்குக் கீழே என் கையெழுத்து.

ஊர் திரும்பியபோது என் இடத்தில் வேறொருவன் படித்துக்கொண்டிருந்தான். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். அன்று காலை அப்பா என்னையும் கிளம்பச் சொன்னார்.

"எல்லார் புள்ளைங்களும் சர்வீஸ் முடிச்சவனுங்க. இனிமே நானும் தலை நிமிந்து நிப்பேன்."

இதற்குத்தானா என் படிப்பைக் காவு கொடுத்தார்! தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"அந்த வரிய ஏம்ப்பா படிக்கல? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் மெடலைச் சரிசெய்தபடி சொன்னார். "என்ன அல்ஜீரியாவுக்குச் சண்டை போட அனுப்பினப்ப எவன்டா கேட்டான்?"

"உங்கள அனுப்பினவன் உங்களுக்கு அப்பா இல்லியே."

அவர் கை மெடல்மேலேயே நின்றது. பிறகு தனியாகப் போனார். நான் கூடப் போகவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.