வீரா அண்ணன் பூட்டச் சொன்ன கேட்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வேட்டை வாட்ஸ்அப் குழுவின் முகப்புப் படத்தை மாற்றுவதென, என்னைக் கேட்காமலேயே, ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. குழு தொடங்கிய நாள்முதல் அந்த இடத்தில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. குழு இரண்டாக உடைந்து மீண்டும் சேர்ந்தபோதும் அந்தப் பன்றியை யாரும் தொட்டதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக்குக் காத்திருந்த நான் கைப்பேசியைத் திறந்தபோது, பன்றி இருந்த வட்டத்துக்குள் வீரா அண்ணன் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறந்தநாள் போலிருக்கிறது என்று வாழ்த்து அனுப்பினேன். உடனே எங்கள் குழுவிலிருக்கும் குணா அழைத்தான்.

"அண்ணே, வாழ்த்த அழிங்க. வீரா அண்ணன் காலையில போயிட்டாரு. நெஞ்சு வலி."

வாழ்த்தை அழித்தேன். பிறகு, அவர் சாப்பிடாமல் இருக்கும் படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் தேடிட்டோம்ணே. இல்ல."

உங்களில் பலர் வீராசாமியைப் பண்டமாரானில் கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் முடித்துக் கொடுக்கும் ஏஜெண்டாக அறிந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீராசாமியை அறிந்தவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். மான் சுட அனுமதி நின்றுபோய்ப் பல காலமாகிவிட்டது. எங்களுக்கு எஞ்சியது காட்டுப்பன்றி. பந்திங் போகும் வழியில் உள்ள செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றுகளைத் தோண்டித் தின்னும் பன்றிகளைச் சுடச் சொல்லி மேலாளர்களே அழைப்பார்கள். என்னிடம் துப்பாக்கி இல்லை. சுட்டதைத் தூக்குவதும் சமைத்ததைப் புகழ்வதும் என் பொறுப்பு. "சுடறது சின்ன வேல. தூக்கறதுதான் வேட்ட," என்று வீரா அண்ணன் என்னை உயர்த்திப் பேசுவார். தூக்கும் நேரத்தில் அவருக்கு எப்போதும் ஒரு முக்கியமான போன் வந்துவிடும்.

தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு முனீஸ்வரர் இருக்கிறார். அவர் முன்னால் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து வைக்காமல் அண்ணன் உள்ளே போனதில்லை.

"சாமிக்கு கேன்சர் வரப்போவுது அண்ணே," என்பான் குணா.

"அவரு நிறுத்தினா நானும் நிறுத்தறேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் தனக்கும் ஒன்றைப் பற்றவைப்பார்.

சுட்ட பன்றியை வெட்டுவதற்கு எங்களுக்கு ஒரே இடம்தான். தோட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஆ செங் என்ற சீனரின் பன்றிப் பண்ணை. அங்கே சிமெண்டுத் தரை, ரப்பர் குழாய், கொதிக்கும் தண்ணீர், கோப்பி எல்லாம் உண்டு. ஆ செங்கின் அப்பா தோட்டத்துத் தமிழர்களுக்கு மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் மகனுடைய தமிழ் எங்கள் பிள்ளைகளின் தமிழைவிடச் சுத்தம். எங்கள் பிக்கப் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்துவிடுவார். சேற்றுச் சப்பாத்துகளோடும் நாய்களோடும் இரத்தம் சொட்டும் பன்றியோடும் நேராக உள்ளே போவோம். தலை அவருக்கு, சூப் வைக்க. மற்றது எங்களுக்கு, பெரட்டலுக்கு. அவரும் அண்ணனும் ஒவ்வொரு வாரமும் ஒரே சண்டையைப் போடுவார்கள்.

"உன் பன்னி லோரி டயர் மாதிரி இருக்கு லா, வீரா. எம் பன்னியத் தின்னு பாரு."

"நடக்காத பன்னியெல்லாம் கோழிடா, செங்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வரும்வரை. மனிதரை அது தொடாது. பன்றிக்கு வந்தால் மருந்து இல்லை. ஒரு பண்ணையில் ஒரு பன்றிக்கு வந்தால் அங்கே இருக்கும் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும். வேறு மாநிலத்தில் வந்திருப்பதாகச் செய்தியில் படித்தோம். வேறு மாநிலத்துச் செய்தியை எப்படிப் படிப்போமோ அப்படிப் படித்தோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வாய்க்காலில் ஒரு பெண் பன்றி செத்துக் கிடந்தது. உடம்பில் குண்டுக் காயம் இல்லை. அண்ணன் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பால் வெடிச் சத்தம் கேட்டது. குணா ஒரு கொழுத்த ஆண் பன்றியை ஒரே குண்டில் வீழ்த்தியிருந்தான். அவன் ஒரே குண்டில் எதையும் வீழ்த்தியதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணன் கேட்டார்: "அது ஓடுச்சா?"

"ஓடல அண்ணே. அதனாலதான் பட்டுச்சு."

அண்ணன் பன்றியைத் தொடவில்லை. எங்களையும் தொடவிடவில்லை. முதலில் ஆ செங்கை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி போனை வைத்தார்.

"செங், கேட்டப் பூட்டு."

"ஏன்? தண்ணி கொதிக்குது. கோப்பி போட்டாச்சு."

"பூட்டுடா. நானே வந்து கத்தினாலும் திறக்காத."

குணா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அன்று மாலை அவன் மைத்துனருக்கு அறுபதாம் கல்யாணம். பெரட்டல் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். "மனுசனுக்கு வராதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான் அண்ணே."

"நமக்கு வராது. நம்ம சப்பாத்துல ஒட்டும், டயர்ல ஒட்டும், நாய் கால்ல ஒட்டும். நேரா செங் வீட்டுக்குப் போய் இறங்கும். வேற எங்க போவோம் நாம?"

வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லி, அவர்கள் வந்து மாதிரி எடுத்துப் புதைக்கும்வரை வெயிலில் நின்றோம். காய்ச்சல்தான் என்று பிறகு உறுதியானது. அறுபதாம் கல்யாணத்தில் கோழி பரிமாறினார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் துப்பாக்கியை எடுக்கவில்லை. நாய்களைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார். பண்ணைப் பக்கமே போகவில்லை. ஆ செங்குக்கு முதலில் கோபம். "நான் என்ன குஷ்டரோகியா?" என்று என்னிடமே கேட்டார். பல மாதங்கள் கழித்து இருவரும் கிள்ளானில் ஒரு பாக் குத் தே கடையில் சந்திப்பதென்று சமாதானமானது. வளர்ப்புப் பன்றியின் எலும்பை மூலிகைச் சாற்றில் வேகவைத்துத் தருவார்கள். அண்ணன் அதை வாழ்நாளெல்லாம் தவிர்த்து வந்தவர். முதல் துண்டை அவர் மெல்லும்போது ஆ செங் சட்டியைத் தொடாமல் காத்திருந்தார்.

"எப்படி?"

"கோழி நல்லா இருக்கு," என்றார் அண்ணன், சாற்றை ஊற்றிக்கொண்டே.

ஒரு தடவை என்னைத் தோட்டத்து ரோட்டுவரை அழைத்துப் போனார். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். செம்பனைக் கன்றுகள் ஒன்றுகூடச் சேதமில்லாமல் வரிசையாக நின்றன. மேலாளருக்கு நல்ல வருடம். "ஒரு சத்தமும் இல்ல பாத்தியா," என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் கழித்துத்தான் வண்டியைத் திருப்பினார். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி எதையும் அந்த முகத்தில் நான் பார்க்கவில்லை. அவருக்கு வேட்டை வேண்டியிருந்தது.

அவர் இறந்த அன்று ஆ செங் வந்தார். ஆனால் வீட்டுக்குள் வராமல் எதிர்ப்புறம், மழைநீர்க் கால்வாய் ஓரமாக நின்றார். வாசலில் குணாவின் பிக்கப் நின்றது. குணா இப்போதும் வேறு குழுவோடு தோட்டங்களுக்குப் போகிறான் என்று அவருக்குத் தெரியும். வீரா அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அவரு ஏன் அங்கயே நிக்கிறாரு?" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் குணா எழுந்து போனான். பிக்கப்பைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் விட்டான். வெறுங்காலோடு நடந்து வந்து, வாசல் குழாயில் முழங்கால்வரை சோப்புப் போட்டுக் கழுவினான். குழாயடியில் நின்றபடியே கூப்பிட்டான்: "வாங்க அங்கிள். வண்டிய எடுத்தாச்சு."

ஆ செங் உள்ளே வந்து அண்ணனின் காலருகே வெகுநேரம் அமர்ந்திருந்தார். சண்டை எதுவும் போடவில்லை.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வி. ஏதாவது எனக்கு எளிதாகக் கிடைத்தால், பாராட்டாகவே இருந்தாலும், அது ஓடிற்றா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் ஓடியிருக்காது.

காய்ச்சல் வந்த ஆண்டு ஆ செங்கின் பண்ணைக்கு இரண்டு பக்கமும் இருந்த பண்ணைகளில் பன்றிகள் அனைத்தும் கொன்று புதைக்கப்பட்டன. ஆ செங்கின் பண்ணை இன்றும் நடக்கிறது.