மோடம் அணையாமல் பார்த்துக்கொண்டவர்

மாதா திருவிழா முடிந்த மறுநாள் காலை தூத்துக்குடியில் எந்த அலுவலகத்திலும் வேலை சூடு பிடிக்காது. ரோச் அண்ணாச்சியின் ஏற்றுமதி அலுவலகத்தில் மட்டும் அன்று ஒன்பது மணிக்கே தலைபோகிற அவசரம். பெரியதாழை நண்டு ஏற்றிய குளிர் கண்டெய்னர் துறைமுக வாசலில் நிற்கிறது. அதன் டாக்குமென்ட் பகல் பன்னிரண்டுக்குள் சென்னையில் இருக்கும் கப்பல் ஏஜென்டின் சர்வருக்குப் போய்ச் சேராவிட்டால், கப்பல் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

"சார், மறுபடியும் கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வருது" என்றாள், டாக்குமென்ட் தயாரிக்கும் பிளாரன்ஸ்.

வேதமணி எழுந்து வந்து அவள் திரையைப் பார்த்தார். நாசரேத் மிஷன் பள்ளியில் படித்தவர். பதினோரு வருடமாக இந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறார். வீட்டில் ஆளில்லாமல் கதவு திறக்காதது வேறு, உள்ளே ஆள் இருந்துகொண்டே 'நீ யாரோ, போ' என்பது வேறு. இது இரண்டாவது. ஏன் போகச் சொல்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த சர்வர் தனக்குப் பழக்கமான இணைய எண்ணிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். அலுவலக மோடம் ஒருமுறை அணைந்து எழுந்தால் எண் மாறிவிடும். ரோச் அண்ணாச்சிக்கோ, திருவிழாவுக்கு முந்தின மாலை மெயின் சுவிட்சை அணைத்து, சிலுவை போட்டுவிட்டுப் போவது அப்பா காலத்துப் பழக்கம். அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பியபிறகு வேதமணி வருடா வருடம் திரும்பி வந்து, மோடத்தின் பேட்டரி தீருமுன் மெயினைப் போட்டுவிட்டுப் போவார். நிரந்தர எண் வாங்கச் சொல்லி ஒருமுறை கேட்டதற்கு, "நல்லாத்தான வே ஓடுது" என்று பதில் வந்தது. வண்டி ஓடுகிற வரைக்கும் அச்சாணியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? இந்த வருடம் முழங்கால் வலி. வீட்டில் சற்றுச் சாய்ந்தவர் தூங்கிப்போனார். அவ்வளவுதான் நடந்தது.

சென்னைக்குப் போன் போட்டார். "எங்க சைடுல ஓகே சார், கேபிளைக் கழட்டி மாட்டுங்க" என்றது ஒரு பெண்குரல். மாட்டினார். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்.

"எங்க நம்பர் மாறிட்டும்மா. புது நம்பரை உங்க லிஸ்ட்ல சேத்தாப் போதும்."

"செக்லிஸ்ட் முடிச்சாத்தான் சார் மேல அனுப்ப முடியும்."

இதையே மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் அதே பதில். பதினோரு வருட அலுப்பும் ஒரே காலையில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிளாரன்ஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்லிஸ்ட் எல்லாம் முடிந்து, பதினொன்று ஐம்பதுக்குப் புது எண்ணைச் சேர்த்தார்கள். டாக்குமென்ட் போனது. கண்டெய்னர் வாசலைத் தாண்டியது என்று தகவலும் வந்தது.

ரோச் அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னவே ஆச்சு?"

"நீங்க மெயினை அணைச்சதுல மோடம் நின்னுட்டு அண்ணாச்சி."

"வருஷா வருஷம்தான அணைக்கேன். இப்பிடி ஆனதில்லியே?"

"வருஷா வருஷம் நான் வந்து போட்டுட்டுப் போவேன். இந்தத் தடவை வரல."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று, இந்த வயதிலும், வேதமணி காத்திருந்தார்.

"சரி, அடுத்த வருஷம் மறக்காம வந்துரும் வே."

"இல்ல அண்ணாச்சி" என்றார் வேதமணி. "இனி வரமாட்டேன். நிரந்தர நம்பர் வாங்கிக் குடுங்க."

சொன்னபின் பயம் வரும் என்று நினைத்தார். தூக்கம்தான் வந்தது.